சிமுலேட்டரில் கருவிவழித் தரையிறக்கம்: ஐஎல்எஸ் விவரங்களை எங்கே தேடுவது, எதை நம்புவது?

மேகமூட்டம்:

வணக்கம். கண்ணால் பார்த்துத் தரையிறக்குவது ஓரளவு கைவந்துவிட்டதால், மேகம் தாழ்ந்திருக்கும் நிலையிலும் ஓடுபாதையைக் கண்டடையப் பழகலாம் என்று ஐஎல்எஸ் எனப்படும் ரேடியோவழித் தரையிறக்க வழிகாட்டியின் பக்கம் வந்திருக்கிறேன். லோக்கலைசர் இடவலமாகவும் கிளைடு ஸ்லோப் மேல்கீழாகவும் வழிகாட்டும் என்பது வரையில் புரிகிறது. புரியாதது, அவற்றுக்கு வேண்டிய எண்களை எங்கிருந்து எடுப்பது என்பதே. ஒரே ஓடுபாதைக்கு ஓர் இணையதளம் ஓர் அலைவரிசையைத் தருகிறது. பழைய பிடிஎஃப் ஒன்று வேறொன்றைத் தருகிறது. சிமுலேட்டரின் வரைபடம் மூன்றாவதாக ஒன்றைக் காட்டுகிறது. சில இடங்களில் ஓடுபாதையின் எண்ணே ஒத்துவரவில்லை. சிமுலேட்டர்களில் என்னிடம் இருப்பவை எக்ஸ்-பிளேன் 12, பழைய கணினியில் எஃப்எஸ்எக்ஸ் (மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸ்). சந்தா கட்டாமல் நம்பகமான விவரங்களைப் பெற வழி உண்டா? பெற்ற பின் எவற்றைக் குறித்துவைத்துக்கொண்டு இறங்கத் தொடங்க வேண்டும்?

வடமுனை:

உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

உங்கள் விமானத்தின் ரேடியோ கேட்பது உண்மையான விமான நிலையத்தின் ஒலிபரப்பை அல்ல, சிமுலேட்டரின் தரவுத்தளத்தில் எழுதப்பட்டிருக்கும் ஒரு வரியை. அந்த வரி 2006-ஆம் ஆண்டின் நிலவரத்தைச் சொன்னால், இன்று காலை வெளியான சார்ட்டை, அதாவது இறங்கும் வழியைக் காட்டும் வரைபடத்தாளைப் பார்த்து அலைவரிசையைத் திருகினாலும் முள் அசையாது. எனவே அலைவரிசை, அடையாளக் குறி, லோக்கலைசரின் திசை, கிளைடு ஸ்லோப்பின் கோணம் ஆகிய நான்குக்கும் சிமுலேட்டரின் தரவே இறுதிச் சொல். எந்த உயரத்தில் எங்கே திரும்ப வேண்டும், எதுவரை இறங்கலாம், ஓடுபாதை தெரியாவிட்டால் எங்கே ஏறிச் செல்ல வேண்டும் என்பவற்றுக்குச் சார்ட்டே இறுதிச் சொல். முதல் வகையைச் சார்ட்டிலும் இரண்டாம் வகையைச் சிமுலேட்டரிலும் தேடுவதுதான் பெரும்பாலான புதியவர்களை அலைக்கழிக்கிறது.

எக்ஸ்-பிளேனில் இந்தத் தரவு ஒளித்துவைக்கப்படவில்லை. ‘ரிசோர்சஸ்’ கோப்புறைக்குள் ‘டிஃபால்ட் டேட்டா’ என்ற கோப்புறையும், அதற்குள் ‘எர்த் நாவ்’ என்று தொடங்கும் ஓர் எழுத்துக்கோப்பும் இருக்கும். சாதாரண எழுத்துத் தொகுப்பானில் திறந்து விமான நிலையத்துக்கு ஐகாவோ என்ற பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பின் முறையில் உள்ள நான்கெழுத்துக் குறியைத் தேடுங்கள். 4 என்ற எண்ணில் தொடங்கும் வரி ஐஎல்எஸ்ஸின் லோக்கலைசர். 5 என்றால் கிளைடு ஸ்லோப் இல்லாத தனி லோக்கலைசர். 6 என்றால் கிளைடு ஸ்லோப். அலைவரிசை புள்ளியின்றி எழுதப்பட்டிருக்கும்: 11150 என்பது 111.50 மெகாஹெர்ட்ஸ். 6-இல் தொடங்கும் வரியில் திசையெண்ணுக்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் மூன்று இலக்கங்கள் இறக்கக் கோணத்தைச் சொல்கின்றன. 300 என்றால் 3.00 பாகை. ‘கஸ்டம் டேட்டா’ கோப்புறையில் புதுப்பித்த தரவை நீங்கள் வைத்திருந்தால் எக்ஸ்-பிளேன் அதையே எடுத்துக்கொள்ளும் என்பதால், அப்போது தேட வேண்டிய இடமும் அதுவே.

எஃப்எஸ்எக்ஸில் உலக வரைபடத்தைத் திறந்து, ஓடுபாதையின் நுனியிலிருந்து இறகுபோல் நீளும் ஐஎல்எஸ் குறியைச் சொடுக்கினால் எண்கள் வந்துவிடும். இரண்டு சிமுலேட்டர்களையும் வைத்திருப்பதால் லிட்டில் நாவ்மேப் என்ற இலவச மென்பொருள் உங்களுக்கு மிகவும் பொருந்தும். அது இணையத்தில் எதையோ தேடிக் காட்டுவதில்லை. உங்கள் கணினியில் இருக்கும் சிமுலேட்டரின் தரவையே படித்துக் காட்டுகிறது.

கடைசித்திருப்பம்:

வடமுனை சொன்னதை ஏற்கிறேன். சார்ட் கிடைக்கும் இடங்களைச் சேர்க்கிறேன்.

அமெரிக்க விமான நிலையங்களுக்கு, அந்நாட்டு விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்ஏஏ தன் இணையதளத்திலேயே அத்தனை அப்ரோச் (ஓடுபாதையை நெருங்கி இறங்கும் நடைமுறை) சார்ட்டுகளையும் இலவசமாக வெளியிடுகிறது. பதிவுகூடத் தேவையில்லை; விமான நிலையக் குறியை இட்டால் பட்டியல் வந்துவிடும். பயிற்சியைத் தொடங்குபவர்கள் முதலில் அமெரிக்க நிலையங்களைத் தேர்ந்தெடுப்பது நல்லது என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம். ஸ்கைவெக்டர் தளத்திலும் அதே சார்ட்டுகளைப் பார்க்கலாம்.

மற்ற நாடுகளுக்கு ஏஐபி எனப்படும் அதிகாரபூர்வ விமானத் தகவல் தொகுப்பே மூலம். ஐகாவோ வகுத்த ஒரே அமைப்பில் எல்லா நாடுகளும் அதை வெளியிடுவதால், ஒரு நாட்டின் ஏஐபியைப் படிக்கத் தெரிந்தால் எந்த நாட்டினுடையதையும் படிக்கலாம். விமான நிலையங்களுக்கான பகுதி ஏடி 2. அதற்குள் 2.12 ஓடுபாதைகளின் நீள அகலம், 2.14 அப்ரோச் விளக்குகள், 2.18 தகவல்தொடர்பு அலைவரிசைகள், 2.19 ரேடியோ வழிகாட்டிகளும் தரையிறங்கும் கருவிகளும், 2.24 சார்ட்டுகள். ஐஎல்எஸ் அலைவரிசை, அடையாளக் குறி, கருவிகள் நிற்கும் இடம் ஆகியவை 2.19-இல் ஒரே அட்டவணையாக இருக்கும். இந்தியாவின் ஏஐபியை இந்திய விமான நிலைய ஆணையமும், பிரிட்டனின் ஏஐபியை நாட்ஸ் நிறுவனமும் இணையத்தில் திறந்தே வைத்திருக்கின்றன. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கு யூரோகன்ட்ரோல் என்ற ஐரோப்பிய விமானப் போக்குவரத்து அமைப்பின் ஈஏடி தளத்தில் அடிப்படைக் கணக்கு ஒன்றை இலவசமாகத் தொடங்கினால் போதும். எல்லா நாடுகளும் இப்படி இலவசமாகத் தருவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

சிமுலேட்டர் விமானிகள் இணையத்தில் ஒன்றுகூடிப் பறக்கும் வாட்சிம் வலையமைப்பில் கணக்கு இருந்தால் சார்ட்ஃபாக்ஸ் தளத்தில் இவற்றுள் பெரும்பகுதியை ஒரே இடத்தில் தேடிக்கொள்ளலாம். யாரோ எப்போதோ பதிவேற்றிய பிடிஎஃப் தொகுப்புகளை மட்டும் தொட வேண்டாம் என்பேன். அவை தவறானவை என்பதால் அல்ல. எந்த நாளுக்குச் சரியானவை என்பது தெரியாததால்.

மேகமூட்டம்:

மிக்க நன்றி. லிட்டில் நாவ்மேப்பை நிறுவிவிட்டேன். எக்ஸ்-பிளேனின் எண்கள் தெளிவாகத் தெரிகின்றன. இப்போது எஃப்ஏஏ சார்ட் ஒன்றைத் திறந்து வைத்திருக்கிறேன். ஒரே தாளில் இத்தனை எண்கள் இருக்கும்போது எதிலிருந்து தொடங்குவது?

வடமுனை:

தாளை மேலிருந்து கீழாகப் படியுங்கள். அது அப்படிப் படிப்பதற்காகவே வடிவமைக்கப்பட்டது.

தலைப்பகுதியில் அலைவரிசை, அடையாளக் குறி, இறுதி அப்ரோச் திசை, ஓடுபாதையின் நீளம், தொடுபகுதியின் (ஓடுபாதையில் சக்கரம் முதலில் தொடும் பகுதியின்) உயரம் ஆகியவை கட்டங்களில் இருக்கும். இறங்க முடியாதபோது மீண்டும் ஏறிச் செல்வதற்கான ‘மிஸ்ட் அப்ரோச்’ வழிமுறையும் அங்கேயே எழுத்தில் இருக்கும். அதற்குக் கீழே மேலிருந்து பார்க்கும் படம். அதில் குறைந்தபட்சப் பாதுகாப்பு உயரத்தைக் காட்டும் வட்டத்தைக் கவனியுங்கள்: வழக்கமாக 25 கடல் மைல் ஆரத்துக்குள் இருக்கும் தடைகளுக்கு மேல் 1,000 அடி இடைவெளி தரும் உயரம் அது. வழி தவறினால் முதலில் அந்த உயரத்துக்கு ஏறிவிட்டுப் பிறகு யோசிக்கலாம்.

அதற்கும் கீழே பக்கவாட்டுப் படம். என் மதிப்பீட்டில் முழுத்தாளிலும் அதிகப் பயன் தருவது இதுதான். புதியவர்கள் அதிகம் தாண்டிச் செல்வதும் இதையே. கிளைடு ஸ்லோப்பை எந்த உயரத்தில் சந்திக்க வேண்டும் என்பதும், அதன்மீது இறங்கும்போது குறிப்பிட்ட ஓரிடத்தில் உயரமானி என்ன காட்ட வேண்டும் என்பதும் அதில் இருக்கும். இந்த இரண்டாவது எண்ணைக் காகிதத்தில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். முள் நடுவில் நிற்கிறது என்பதாலேயே நீங்கள் சரியான பாதையில் இருப்பதாகப் பொருள் இல்லை. உண்மையான கிளைடு ஸ்லோப் 3 பாகை என்றால், அதே ஆண்டெனாவின் கதிர்வீச்சால் ஏறத்தாழ 9 பாகையில் ஒரு பொய்ப் பாதை உருவாகிறது. எப்போதும் கீழிருந்து சந்திக்க வேண்டும் என்று பயிற்சியாளர்கள் வற்புறுத்துவது இதனால்தான். எல்லா சிமுலேட்டரும் இந்தப் பொய்ப் பாதையை உருவாக்குவதில்லை. ஆனாலும் உயரத்தைச் சரிபார்க்கும் பழக்கம் வேறு தவறுகளையும் பிடித்துவிடும். உயரமானியின் அழுத்த அமைப்பைத் தவறாக வைத்திருப்பது அவற்றில் முதன்மையானது.

அந்தச் சரிபார்ப்பு எண்ணை நீங்களே கணக்கிடவும் முடியும். 3 பாகைச் சரிவு என்பது ஒரு கடல் மைலுக்கு ஏறத்தாழ 318 அடி. ஓடுபாதையின் முனையைச் சரிவு ஏறத்தாழ 50 அடி உயரத்தில் கடக்கிறது. எனவே முனையிலிருந்து 5 மைல் தொலைவில், முனையின் மட்டத்துக்கு மேல் சுமார் 1,640 அடியில் இருக்க வேண்டும். இறங்கும் வேகத்துக்கும் குறுக்குவழி உண்டு: தரைவேகத்தை 5-ஆல் பெருக்கினால் நிமிடத்துக்கு எத்தனை அடி என்பது கிடைக்கும். 140 நாட் என்றால் 700 அடி. லண்டன் சிட்டி போன்ற 5.5 பாகை இறக்கத்துக்கு இந்தப் பெருக்கல் பொருந்தாது; அங்கே ஏறத்தாழ இரு மடங்கு தேவைப்படும்.

அடிப்பகுதியில் இருப்பவை குறைந்தபட்ச அளவுகள். முதல் வகை ஐஎல்எஸ்ஸில் முடிவெடுக்கும் உயரம் தொடுபகுதிக்கு மேல் 200 அடிக்குக் குறையாது. சார்ட்டில் அது கடல்மட்டத்திலிருந்து கணக்கிட்டும் தரப்பட்டிருக்கும். உயரமானியில் பார்க்க வேண்டியது அந்த எண்ணையே. அதை அடைந்தும் ஓடுபாதையோ விளக்குகளோ தெரியவில்லை என்றால் மேலே ஏற வேண்டும். சிமுலேட்டரில் யாரும் கேட்கப்போவதில்லை என்று தொடர்ந்து இறங்கினால், பிறகு இந்தச் சார்ட்டைத் தேடி எடுத்ததற்கே பொருள் இல்லை.

தானியங்கி:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இவ்வளவு பாடு தேவையா? நான் ஓட்டும் ஏ320-இல் விமானக் கணினியின் வருகைப் பக்கத்தில் ஓடுபாதையைத் தேர்ந்தெடுத்தால் ஐஎல்எஸ் தானே இசைந்துவிடுகிறது. ஜி1000 என்ற மின்திரைக் கருவித்தொகுதி பொருத்திய சிறிய விமானத்திலும் அப்ரோச்சை ஏற்றினால் அலைவரிசை ரேடியோவுக்கு வந்துவிடுகிறது. இந்த நாளில் யாரும் அலைவரிசையைத் தேடி எழுதிவைத்துக்கொள்வதாகத் தெரியவில்லை.

கடைசித்திருப்பம்:

தேட வேண்டியதில்லை என்பது சரி. சரிபார்க்க வேண்டியதில்லை என்பது சரியல்ல, தானியங்கி அவர்களே.

நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி நிலையத்தை எடுத்துக்கொள்வோம். 13எல், 31ஆர் என்பவை ஒரே ஓடுபாதையின் இரு முனைகள். இரண்டுக்கும் ஐஎல்எஸ் அலைவரிசை 111.50 மெகாஹெர்ட்ஸ்தான். வேறுபடுவது அடையாளக் குறி மட்டும்: 13எல் முனைக்கு ஐ-டிஎல்கே, 31ஆர் முனைக்கு ஐ-ஆர்டிஹெச். நிஜ வாழ்வில் இரண்டும் ஒரே நேரத்தில் ஒலிபரப்பாதபடி பூட்டப்பட்டிருக்கும். உங்கள் ரேடியோவில் எண் சரியாகத் தெரிகிறது என்பதால் மட்டும் எந்த முனை பேசுகிறது என்பது தெரிந்துவிடாது. அதனால்தான் மோர்ஸ் குறியைக் கேட்கிறார்கள். இரண்டும் ‘ஐ’ எழுத்துக்கான இரண்டு குறுகிய ஒலிகளில் தொடங்கும். 13எல் முனையில் அடுத்து ஒரே ஒரு நீண்ட ஒலி வரும், 31ஆர் முனையில் குறுகல், நீளம், குறுகல் என்று வரும். கண்ணாடித் திரை உள்ள விமானங்கள் அந்தக் குறியைப் படித்து எழுத்தாகவே காட்டுகின்றன; அதைச் சார்ட்டோடு ஒப்பிட இரண்டு நொடி போதும்.

ஜி1000-இல் இன்னொரு கண்ணியும் உண்டு. அலைவரிசை ஏறியிருந்தாலும், முள் எதைப் பின்பற்றுகிறது என்பது தனித் தேர்வு. அம்பு மெஜந்தா நிறத்தில் இருந்தால் ஜிபிஎஸ்ஸையும், பச்சையில் இருந்தால் லோக்கலைசரையும் காட்டுகிறது. இறுதிப் பகுதிக்குள் நுழையும் முன் பச்சையாக இருக்கிறதா என்று பாருங்கள். 737 ஓட்டுபவர்களுக்கு இந்த வசதி பாதிதான்: கணினியின் ‘அப்ரோச் ரெஃப்’ பக்கம் எண்ணைக் காட்டும், ரேடியோவில் திருகி வைப்பது விமானியின் வேலை.

வடமுனை:

திசைக் குமிழைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனெனில் இது அடுத்து வரப்போகும் கேள்வி. ஐஎல்எஸ்ஸில் இசைத்த பின், பாதையிலிருந்து விலகலை முள்ளால் காட்டும் சாதாரண சிடிஐ கருவியில் திசைக் குமிழை எங்கே திருப்பினாலும் முள்ளின் விலகல் மாறாது; விஓஆர் என்ற திசைகாட்டும் ரேடியோ நிலையத்துக்குத்தான் அது மாறும். எனினும் திசைகாட்டியையும் அந்த முள்ளையும் ஒன்றாகக் காட்டும் ஹெச்எஸ்ஐ கருவியில் படம் சரியான பக்கம் திரும்பி நிற்க வேண்டுமானால் இறுதி அப்ரோச் திசையை வைத்தே ஆக வேண்டும்.

பழம்பறவை:

எஃப்எஸ்எக்ஸ் பற்றிய பகுதிக்கு யாரும் முழுமையாகப் பதில் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். ஓடுபாதை எண்கள் ஒத்துவராததற்குக் காரணம் தரவுப் பிழை அல்ல, பூமியின் காந்தப்புலம். காந்த வடதுருவம் நகர்ந்துகொண்டே இருப்பதால் ஓடுபாதையின் காந்தத் திசை ஆண்டுதோறும் சிறிது மாறுகிறது. மாற்றம் போதுமான அளவு சேர்ந்ததும் ஓடுபாதைக்கு எண்ணை மாற்றிவிடுகிறார்கள். லண்டன் ஸ்டான்ஸ்டெட்டில் 05/23 என்று இருந்தது 2009-இல் 04/22 ஆனது. அமெரிக்காவின் டாம்பாவில் 18/36 ஓடுபாதைகள் 2011-இல் 01/19 ஆயின. எஃப்எஸ்எக்ஸ் வெளிவந்தது 2006-இல். அதன் ஸ்டான்ஸ்டெட்டில் இன்றைய சார்ட்டைக் கொண்டு 22-ஐத் தேடினால் கிடைக்காது. 23 என்று தேட வேண்டும். தார் போட்ட இடம் மாறவில்லை, எழுதிய எண்தான் மாறியது.

ஆகவே பழைய சிமுலேட்டரை ஓட்டுபவர்களுக்கு இரண்டு வழிகள். ஒன்று, காந்த விலகல் தரவையும் வழிகாட்டித் தரவையும் ரசிகர்கள் வெளியிடும் இலவச இணைப்புகளால் புதுப்பிப்பது. மற்றொன்று, அந்தக் காலத்துச் சார்ட்டையே வைத்துக்கொண்டு அந்தக் காலத்திலேயே பறப்பது. நான் இரண்டாவது கட்சி. பழைய பிடிஎஃப்களைத் தொட வேண்டாம் என்று கடைசித்திருப்பம் எழுதியிருக்கிறார்; எஃப்எஸ்எக்ஸுக்கு அதுவே சில நேரம் சரியான சார்ட் என்பதை அவர் ஏற்றுக்கொள்வார் என்று நம்புகிறேன்.

கடைசித்திருப்பம்:

தாளின் ஓரத்தில் தேதி இருக்கும் என்றால் ஏற்கிறேன். தேதியில்லாத தாளுக்கு என் எதிர்ப்பு தொடர்கிறது.

மேகமூட்டம்:

தேதி என்றதும் கேட்கத் தோன்றுகிறது: ‘ஏராக் 2401’ என்பது போன்ற எண்களை எல்லா இடத்திலும் காண்கிறேன். அது எதைக் குறிக்கிறது? மேலும், சில ஓடுபாதைகளுக்கு ‘ஐஎல்எஸ் இசட்’, ‘ஐஎல்எஸ் ஒய்’ என்று இரண்டு சார்ட்டுகள் இருக்கின்றனவே?

வடமுனை:

உலகெங்கும் விமானத் தகவல்கள் 28 நாளுக்கு ஒருமுறை ஒரே நாளில் மாறுகின்றன. அந்தச் சுழற்சியே ஏராக். முதல் இரண்டு இலக்கங்கள் ஆண்டு, அடுத்த இரண்டு அந்த ஆண்டின் எத்தனையாவது சுழற்சி என்பது. 2401 என்றால் 2024-இன் முதல் சுழற்சி. வழக்கமாக ஆண்டுக்கு 13 வரும். 2020-இல் 14 வந்தன. சிமுலேட்டரின் தரவும் கையிலுள்ள சார்ட்டும் ஒரே சுழற்சியில் இருந்தால் முரண்பாடு அரிதாகவே வரும். சில சுழற்சிகள் தள்ளியிருந்தாலும் பெரும்பாலான ஐஎல்எஸ்ஸுக்குத் தொல்லை இல்லை, ஏனெனில் அலைவரிசைகள் அடிக்கடி மாறுவதில்லை. வழிப்புள்ளிகளின் பெயர்களே அதிகம் மாறுகின்றன.

ஒரே ஓடுபாதைக்கு ஒரே வகையில் ஒன்றுக்கு மேற்பட்ட அப்ரோச் இருந்தால் இசட் தொடங்கிப் பின்னோக்கி எழுத்து இடுவார்கள். வேறுபாடு தொடங்கும் புள்ளியில் இருக்கலாம், மிஸ்ட் அப்ரோச்சில் இருக்கலாம், விமானத்தில் இருக்க வேண்டிய கருவியில் இருக்கலாம். இரண்டையும் அருகருகே திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். அமெரிக்கச் சார்ட்டுகளில் ‘விஓஆர்-ஏ’ என்பதுபோல் முதல் எழுத்துகள் வந்தால் அது வேறு செய்தி: ஓடுபாதைக்கு நேரே வராமல், நிலையத்தைக் கண்டபின் சுற்றி வந்து இறங்க வேண்டிய அப்ரோச்.

சின்னவிமானம்:

ஐஎல்எஸ்ஸே இல்லாத சிறிய நிலையங்களுக்கு என்ன செய்வது? நான் பறப்பது பெரும்பாலும் அவற்றுக்குத்தான்.

கடைசித்திருப்பம்:

அங்கே செயற்கைக்கோள் வழி அப்ரோச்தான் இன்று பெருவழக்கு. அமெரிக்கச் சார்ட்டுகளில் அது ‘ஆர்நாவ் (ஜிபிஎஸ்)’ என்ற தலைப்பில் இருக்கும். ஏனைய நாடுகளில் பழைய ‘ஆர்நாவ்’ தலைப்பு ஐகாவோவின் முடிவுப்படி ‘ஆர்என்பி’ என்று மாற்றப்பட்டுவருகிறது. இதற்குத் திருகி வைக்க அலைவரிசை எதுவும் இல்லை. வழிப்புள்ளிகளின் பட்டியலே எல்லாம். ஆகவே இங்கே சிமுலேட்டரின் தரவு பழையதாக இருந்தால் அப்ரோச்சே பட்டியலில் தோன்றாமல் போகலாம். எக்ஸ்-பிளேனில் இந்த நடைமுறைகள் சிஐஎஃப்பி என்ற கோப்புறையில் நிலையத்துக்கு ஒரு கோப்பாக இருக்கும். அங்கே இல்லையென்றால் விமானத்தின் கணினியிலும் இருக்காது. குறைந்தபட்ச அளவுகளில் வழிகாட்டலின் துல்லியத்தைப் பொறுத்து எல்பிவி, எல்நாவ்/விநாவ், எல்நாவ் என்று பல வரிசைகள் வரும். உங்கள் விமானத்தின் கருவி எதற்குத் தகுதியானதோ அந்த வரிசையை மட்டும் பாருங்கள்.

தானியங்கி:

சிமுலேட்டர்களுக்கு விமானத் தரவு விற்கும் நாவிகிராஃபுக்குச் சந்தா கட்டினால் தரவும் சார்ட்டும் ஒரே சுழற்சியில் வந்துவிடுகின்றனவே. இவ்வளவு தேடலையும் அது மிச்சப்படுத்தாதா?

வடமுனை:

மிச்சப்படுத்தும். அதன் ஜெப்பெசன் சார்ட்டுகள் உலகெங்கும் ஒரே வடிவத்தில் இருப்பது பெரிய வசதி. நாடு நாடாகப் பறப்பவர்களுக்குக் கொடுத்த காசுக்குப் பழுதில்லை. ஆனால் இழையைத் தொடங்கியவர் கேட்டது சந்தாவின்றி ஆகுமா என்பதை. இரண்டு மூன்று நிலையங்களில் திரும்பத் திரும்பப் பயிற்சி செய்பவருக்கு எஃப்ஏஏ சார்ட்டும் சிமுலேட்டரோடு வந்த தரவும் தாராளமாகப் போதும்.

பழம்பறவை:

மூடப்பட்ட நிலையங்களைப் பற்றியும் ஒரு குறிப்பு, யாரேனும் தேடி வரக்கூடும். ஹாங்காங்கின் பழைய கை டாக் 1998 ஜூலையில் மூடப்பட்டது. அதன் 13-ஆம் ஓடுபாதைக்கு இருந்தது ஐஎல்எஸ் அல்ல, ஐஜிஎஸ் எனப்படும் கோணல் வழிகாட்டி. முள் உங்களை ஓடுபாதைக்கு அல்லாமல் செக்கர்போர்டு வரையப்பட்ட குன்றை நோக்கிக் கொண்டுசெல்லும். அங்கிருந்து கண்ணால் பார்த்து வலப்பக்கம் 47 பாகை திரும்பி இறங்க வேண்டும். இன்றைய தரவுச் சுழற்சி எதிலும் அது இருக்காது. அந்த நிலையத்தைக் கூடுதலாக நிறுவும்போது ஐஜிஎஸ்ஸையும் சேர்த்துத் தரும் தொகுப்பாகப் பார்த்து எடுங்கள். பெரும்பாலும் அதோடு பழைய சார்ட்டும் வரும். வெறும் கட்டடங்களும் ஓடுபாதையும் மட்டும் தரும் தொகுப்பில் ரேடியோ ஊமையாகவே இருக்கும்.

மேகமூட்டம்:

எல்லோருக்கும் நன்றி. கென்னடியின் 13எல்-ஐ எக்ஸ்-பிளேன் கோப்பில் தேடினேன். 4-இல் தொடங்கும் வரியில் 11150-உம் அடையாளக் குறியும் சார்ட்டோடு பொருந்துகின்றன. ஒன்று மட்டும் கேட்க விட்டுப்போனது. சார்ட்டில் தரப்பட்டுள்ள டிஎம்இ (தொலைவு காட்டும் ரேடியோ கருவி) தொலைவு, ஓடுபாதை முனையிலிருந்து கணக்கிட்டதா?

வடமுனை:

அப்படிக் கொள்ள வேண்டாம். டிஎம்இ காட்டுவது அந்தக் கருவி நிற்கும் இடத்திலிருந்து உள்ள தொலைவை. சில நிலையங்களில் அது முனையில் சுழியைக் காட்டுமாறு சரிசெய்யப்பட்டிருக்கும். சிலவற்றில் ஓடுபாதையின் மறுகோடியில் நிற்பதால் முனையைக் கடக்கும்போதும் ஒரு மைலுக்கு மேல் காட்டும். பக்கவாட்டுப் படத்தில் முனைக்கு நேரே டிஎம்இ எண் தரப்பட்டிருந்தால் அதைக் கழித்துக்கொண்டு, மேலே சொன்ன 318 அடிக் கணக்கைப் போடுங்கள். தரப்படாவிட்டால் ஏடி 2.19 அட்டவணையில் டிஎம்இ ஆண்டெனாவின் ஆயத்தொலைவுகள் இருக்கும். லிட்டில் நாவ்மேப்பில் அந்தப் புள்ளியிலிருந்து முனைவரை அளந்து பார்த்துவிடலாம்.